மஞ்சள் கரு

தீர்மானம் எண் பதினான்கு,
ஓடைக்கு மூடி போடுதல், பதினேழாவது வார்டு:
நாலாவது தடவையும் ஒத்திவைத்தார்கள்.
மைக் கரகரத்தது. அப்புறம்
அதுவும் ஒத்திவைத்துக்கொண்டது.
ஒரு சாயாவும் வாழைக்காய் பஜ்ஜியும் தந்து
கையெழுத்து வாங்கினார்கள்.
நான் ஞானசுகந்தி, உறுப்பினர்.
வருகைப் பதிவேட்டில் மட்டும்
என் பெயர் ஒரு தடவையும் விட்டுப்போனதில்லை.

வீட்டுக்குப் போக மனசில்லை.
கோட்டை மதிலைத் தாண்டி நடந்து
அரண்மனைக்குச் சீட்டெடுத்தேன்.
என் வார்டிலிருந்து கூப்பிடு தூரம்;
சீட்டில் அடுத்த மாநிலத்து முத்திரை.
ஐம்பத்தாறில் கோடு கிழித்தபோது
பூட்டு இந்தப் பக்கம் நின்றுவிட்டது,
சாவி அந்தப் பக்கம் போய்விட்டது.
சாவிக்காரர்கள் நன்றாகத்தான் துடைக்கிறார்கள்,
குறை சொல்லக் கூடாது.

செருப்பைக் கழற்றித் தலை குனிந்தேன்.
குனியாதவரை உத்தரம் குனியவைக்கும்.
ஏணியைப் போலச் செங்குத்தாய் மரப்படி,
மேலே மந்திரசாலை.
கல்குளத்து வெயில் கீழேயே நின்றுவிட்டது.
சாய்த்து அடுக்கிய சட்டங்களின் வழியே
காற்று மட்டும் அனுமதி வாங்கி வருகிறது.
காக்காப்பொன் பதித்த பலகணியில்
வெளிச்சம் நிறம் மாறி,
உழக்கில் அளந்ததுபோல் விழுகிறது.

இங்கே யாரும் கத்தியிருக்க வேண்டாம்.
அடுத்தவன் மூச்சுகூடக் கேட்கும்.
உள்ளிருந்து பார்த்தால் தெரு தெரியும்;
தெருவிலிருந்து பார்த்தால் மரம்தான் தெரியும்.
தச்சன் கெட்டிக்காரன்.
ராஜாங்கம் என்றால் என்னவென்று
உளி பிடிக்கும்போதே தெரிந்திருக்கிறது.

தரைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.
கறுத்த குளம். குனிந்தால் முகம்.
வழிகாட்டி அம்பிளி
பெங்களூர்க் குடும்பம் ஒன்றுக்கு ஒப்பிக்கிறாள்:
சுண்ணாம்பு, மணல், சுட்ட சிரட்டைக் கரி,
கருப்பட்டி,
முட்டையின் வெள்ளைக் கரு.

நான் கணக்குக் கேட்கிற ஆள்.
எத்தனை முட்டை? யார் வீட்டுக் கோழி?
சிரட்டை சரி, தேங்காய் யாருடையது?
கருப்பட்டி என்றால்
பனை ஏறினவன் ஒருத்தன் உண்டு,
ஏணிக்குக் காணம், தளைக்குக் காணம்,
கழுத்துமேல் இருந்ததற்குத் தலைவரி
எல்லாம் கட்டிவிட்டு ஏறினவன்.
தோள்சீலை போட்டதற்கு
சந்தையில் அடி வாங்கினவள்
அவன் வம்சத்தில் ஒருத்தி, என் வம்சத்திலும்.
அவர்களும் இந்த அறைக்குள் இருந்தார்கள், அம்பிளி,
தரையாக.

வெள்ளையை இங்கே ஊற்றிவிட்டு
மஞ்சளை என்ன செய்தார்கள்?

சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
ஊட்டுப்புரையில் உண்டவர்கள்
முட்டை தொடாதவர்கள் என்று கேள்வி.
அப்படியானால் யார் இலையில்?
பெங்களூர்க்காரர் போனைத் தாழ்த்தினார்.
அம்பிளி சிரித்தாள்:
பதினோரு வருஷத்தில்
யாரும் இதைக் கேட்டதில்லையாம்.
பதில் அவளிடம் இல்லை.
ஒத்திவைக்கவும் இல்லை, அவள்.
தெரியாது என்றாள்.
எத்தனை நாளாயிற்று
மன்றத்தில் அப்படி ஒரு வார்த்தை கேட்டு.

உட்கார்ந்து தரையில் கை வைத்தேன்.
மூலையிலிருந்து காவலர் குரல்:
"தொடருது!"

மலையாளத்தில் அதற்குத் தொடாதே என்று பொருள்.
தமிழில், இன்னும் முடியவில்லை என்று.
எங்கள் பக்கத்துக் காதில்
இரண்டும் சேர்ந்தேதான் விழும்.
எது சரி என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஐந்து விரல் வியர்வையும்
தரையில் உலர்ந்துவிட்டது.

மேட்டுக்கடையில் ஆறு முட்டை வாங்கினேன்.
தெருவிளக்கு இல்லை.
மூடியில்லாத ஓடையை,
பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
ஒரே எட்டில் தாண்டினேன்.
ஒன்றும் உடையவில்லை.